சொந்த வயல்தானே, கொஞ்சம் மருந்துதானே என்று கேட்கும் தம்பிக்கு

கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேதியியல் படித்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டிலேயே மருந்து கலந்து புஸ்வாணத்தில் பச்சை நிறம் வரவைத்துப் பார்க்க ஆசையாம். விற்கப் போவதில்லை, சம்பா அறுத்த சொந்த வயலில்தான் வைத்துப் பார்ப்பாராம், கால் கிலோகூட வராதாம். புரோக்கர் ஒருவர் எட்டாயிரம் ரூபாய் கொடுத்தால் தாலுகா ஆபீஸில் 'சோதனை அனுமதி' வாங்கித் தருவதாகச் சொல்கிறார், கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி. கொஞ்சம் ஏற்கனவே கலந்து டப்பாவில் வைத்திருப்பதையும் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறார்.

பணத்தைக் கொடுக்காதீர்கள். வீட்டில் மருந்து கலந்து வயலில் கொளுத்திப் பார்க்க தாலுகா ஆபீஸில் தரக்கூடிய அனுமதிச் சீட்டு என்று எதுவும் கிடையாது. அந்த ஆள் உங்களிடம் ஆதார் நகலும் ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்தும் வாங்கி, ரப்பர் ஸ்டாம்பு குத்திய ஏதோ ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டுவார். நாளைக்குப் போலீஸ் வந்தால், நீங்கள் தெரிந்தே செய்தீர்கள் என்பதற்கு அந்தக் காகிதமே சாட்சியாகிவிடும். இப்படிப்பட்டவர்கள் டெல்டா முழுக்க இருக்கிறார்கள், தீபாவளிக் கடைக்குத் தற்காலிக லைசென்ஸ் வாங்கித் தருகிறேன் என்று ஆரம்பித்து இப்போது இதுவரைக்கும் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு இவ்வளவு வேலை இருப்பதற்குக் காரணம் அரசாங்கம்தான். எந்த மனு எங்கே போகும், யார் கையெழுத்து போடுவார்கள் என்பதைப் புரிகிற தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துத் தாலுகா ஆபீஸ் சுவரில் ஒட்ட இத்தனை வருடமாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

சட்டம் 1884-ஆம் வருடத்து வெடிபொருள் சட்டம். அதன் கீழ் இப்போது நடப்பில் இருப்பவை 2008-ஆம் வருடத்து விதிகள். விற்கிறீர்களா, சும்மா பார்க்கிறீர்களா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை, லைசென்ஸ் இல்லாமல் கலந்தால் அது தயாரிப்பு, மூன்று வருடம் வரை சிறை. கடையில் வாங்கிய பட்டாசைப் பிரித்து மருந்தைக் கொட்டி எடுப்பதும் சட்டப்படி தயாரிப்புதான், இது பலருக்குத் தெரியாது. பச்சைக்கு எல்லோரும் தேடிப்போவது பேரியம் உப்பு. அதைப் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இலேயே சொல்லிவிட்டது, லைசென்ஸ் உள்ள ஆலைக்கே அந்தக் கதி. நீங்கள் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே மத்திய சட்டம், சொந்த உபயோகத்துக்கு, வியாபாரம் இல்லாமல் செய்பவரிடம் தயாரிப்பு லைசென்ஸ் கேட்பதில்லை. அந்தச் சட்டம் காவிரிக் கரைக்குச் செல்லாது.

'எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வாணம் போடுபவர் கொட்டகையில்தானே செய்கிறார், அவருக்கு மட்டும் எப்படி?' என்று அடுத்துக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரு நேரத்தில் 15 கிலோவுக்கு மேற்படாமல் பட்டாசு தயாரிக்க மாவட்ட நிர்வாகமே லைசென்ஸ் தரலாம், அதற்கு மேல் போனால் மத்திய வெடிபொருள் துறையின் சென்னை, நாக்பூர் அலுவலகங்கள், சிவகாசிக்காரர்கள் டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று பிரித்துச் சொல்வது இதைத்தான். வாணக்காரர் முறையாக நடப்பவராக இருந்தால் அவர் கையில் இருப்பது அந்தச் சிறிய லைசென்ஸ். அதிலும் 15 கிலோ என்பது ஒரு நாளைக்கு இல்லை, ஒரு பண்டிகைக்கும் இல்லை, எந்த நிமிடத்தில் போய்ப் பார்த்தாலும் உள்ளே அதற்கு மேல் இருக்கக் கூடாது என்று அர்த்தம். அந்த லைசென்ஸ் அந்தப் பெயருக்கும் அந்த இடத்துக்கும் மட்டும். அவருடைய கொட்டகையை நீங்கள் வாடகைக்கு எடுத்துக் கலக்க முடியாது, அவரே உங்கள் வயலுக்கு வந்து கலந்தாலும் குற்றம்தான். பட்டாசுக்கடை லைசென்ஸ் வைத்திருக்கும் மாமாவோ சித்தப்பாவோ இருந்தாலும் பயனில்லை, அது விற்க மட்டும்.

லைசென்ஸ் இருந்தால் ஆபத்து போய்விடுமா என்றால் அதுவும் இல்லை. 2020-இல் காட்டுமன்னார்கோவில் பக்கம் குருங்குடியில், 2023-இல் மயிலாடுதுறை மாவட்டத்துத் தில்லையாடியில் பட்டாசு ஆலைகள் வெடித்து உயிர்கள் போயின. ஒவ்வொரு தடவையும் ஆய்வு, சீல், அறிக்கை, அப்புறம் அடுத்த வெடி வரைக்கும் அமைதி. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. பேப்பரில் எப்போதும் 'உராய்வு ஏற்பட்டு' என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். உராய்வு என்றால் பெரிதாக ஒன்றும் வேண்டாம். டப்பா மூடியைத் திருகும்போது மரையில் சிக்கிய துகள் போதும், நைலான் சட்டையிலிருந்து தாவும் ஒரு பொறி போதும். குளோரேட்டும் (எரிவதற்கு ஆக்சிஜன் தரும் உப்பு) கந்தகமும் சேர்ந்த கலவை 1992-இலிருந்தே இந்தியாவில் தடை, காரணம் லேசாகத் தேய்த்தாலே அது வெடித்துவிடும். ஆன்லைனில் 'கெமிக்கல் செட்' என்று விற்பவன் இதையெல்லாம் சொல்ல மாட்டான். நம் ஊர் ஈரமும் ஒரு எதிரி, அலுமினியப் பொடி கலந்த மருந்து ஈரம் கண்டால் யாரும் தொடாமலே உள்ளுக்குள் சூடேறும். கால் கிலோ கொஞ்சம் என்று நினைக்கிறீர்கள், கையில் இருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்கு விரல்களுக்குப் போதும். அறுத்த வயல் காலி என்பதும் சரியில்லை, பக்கத்து வயலில் உளுந்து நிற்கும், வரப்போரம் வைக்கோல் போர் இருக்கும். கொள்ளிடம் படுகை என்றால் பங்குனியில் நாணல் காய்ந்து கிடக்கும்.

ஆசை நிஜம் என்றால் சிவகாசிக்குப் போங்கள். லைசென்ஸ் உள்ள ஆலைகளுக்கு வேதியியல் படித்தவர்கள் தேவை, நிறமும் நேரமும் அங்கே முறையாகச் சோதிக்கிறார்கள், வெடிபொருள் துறையின் பட்டாசு ஆராய்ச்சி மையமும் அந்த ஊரில்தான் இருக்கிறது.

இப்போது அந்த டப்பா. அதைத் திறக்காதீர்கள், குலுக்காதீர்கள், பைக்கில் வைத்து ஆற்றுக்குக் கொண்டுபோகாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், வயலில் கொட்டிக் கொளுத்தவும் வேண்டாம். அந்த அறையில் அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் இருக்கக் கூடாது. வீட்டில் இருப்பவர்களை வெளியே கூட்டிக்கொண்டு வந்து, தூரமாக நின்று 101-க்குப் போன் செய்து, என்னென்ன கலந்தீர்கள், எவ்வளவு, என்றைக்கு என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கேஸ் போடுவார்களோ என்று பயப்படுவீர்கள், போடவும் செய்யலாம், அதற்கு வக்கீல் இருக்கிறார். இதைப் படித்து முடித்ததும் முதலில் அந்தப் போனைச் செய்யுங்கள்.