எடை 70 கிலோவில் நின்றுவிட்டது; கலோரியை இன்னும் குறைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 38, உயரம் 158 செ.மீ. ஐந்து மாதத்தில் 78 கிலோவிலிருந்து 70 கிலோவுக்கு வந்தேன். ஆனால் ஆறு வாரமாக எடை அசையவே இல்லை. மொபைல் ஆப்பில் கணக்குப் போட்டால் தினமும் 1,200 கலோரிதான் வருகிறது. காலையில் 40 நிமிடம் நடக்கிறேன். வீட்டில் நான்கு பேர், சமையல் நான்தான். 1,000 கலோரிக்குக் குறைத்தால் எடை இறங்குமா? - வாசகி, திருச்சி

பதில்: குறைக்காதீர்கள். உங்கள் கணக்கில் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் எண்ணை மட்டும் குறைத்தால் பசியும் முடி உதிர்தலும்தான் மிஞ்சும்.

முதலில் உடலின் தேவையைப் பார்ப்போம். 1990-இல் வெளிவந்த மிஃப்லின் - செயின்ட் ஜியோர் சூத்திரத்தைத்தான் இன்றைக்குப் பல ஆப்களும் பயன்படுத்துகின்றன. பெண்களுக்கு: எடையை 10-ஆல் பெருக்குங்கள் (700), உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள் (987), வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள் (190), கடைசியில் 161-ஐயும் கழியுங்கள். உங்களுக்கு ஏறக்குறைய 1,336 வரும். நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உடல் செலவழிக்கும் கலோரி இது. 78 கிலோவாக இருந்தபோது இதே கணக்கு 1,416. அதாவது 8 கிலோ குறைந்ததில் தேவை வெறும் 80 கலோரிதான் இறங்கியிருக்கிறது.

வீட்டு வேலை, நடை எல்லாவற்றுக்குமாக இதை 1.4-ஆல் பெருக்கினால் சுமார் 1,870. இது உத்தேசம்தான், ஆளுக்கு ஆள் பத்து விழுக்காடு முன்பின் ஆகும். மாதக்கணக்கில் குறைத்துச் சாப்பிடும் உடல் செலவையும் சற்றுச் சுருக்கிக்கொள்ளும். நமக்கே தெரியாமல் அதிக நேரம் உட்கார்ந்துவிடுவோம். எல்லாவற்றையும் தள்ளி 1,600 என்றே வைத்துக்கொள்வோம். நிஜமாகவே 1,200 சாப்பிட்டிருந்தால் தினமும் 400 குறை, 42 நாளில் 16,800. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்று வகுத்தால், இரண்டு கிலோவாவது இறங்கியிருக்க வேண்டும். மாதவிடாய்க்கு முந்தைய நீர்க்கோர்வை, ஊறுகாய், அப்பளம் போன்றவற்றின் உப்பு எல்லாம் ஓரிரு கிலோவைச் சில நாள் மறைக்கும். ஆறு வாரம் முழுக்க மறைப்பது அரிது.

ஆகவே சாப்பாடு 1,200-க்கு மேல் போகிறது என்றே நினைக்கிறேன். இதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என்ன செய்தும் எடை குறையவில்லை என்றவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 1992-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த அளவு, உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 விழுக்காடு குறைவாக இருந்தது. அவர்களுடைய உடலின் செலவோ இயல்பாகவே இருந்தது.

நம் சமையலில் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய். ஒரு லிட்டரில் சுமார் 8,200 கலோரி. நான்கு பேர் வீட்டில் மாதம் 3 லிட்டர் செலவானால், ஆளுக்குத் தினம் 205 கலோரி. எண்ணெய் பாக்கெட் பிரிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். ஆப்பில் 'பொரியல் ஒரு கப்' என்று தட்டினால், உங்கள் வீட்டுத் தாளிப்பு அதற்கு எப்படித் தெரியும்? அரைக் கிலோ கத்தரிக்காயில் சுமார் 125 கலோரிதான். வதக்க ஊற்றும் 40 கிராம் எண்ணெயில் 360. மொத்தம் 485, அதில் முக்கால் பங்கு எண்ணெய்.

கிராம் காட்டும் சிறிய எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் வாணலியின் எடையை ஒரு முறை குறித்து வையுங்கள். சேர்க்கும் பொருள்களை எடைபோட்டு மொத்தக் கலோரியை எழுதுங்கள். வெந்தபின் வாணலியோடு நிறுத்து, வாணலி எடையைக் கழியுங்கள். கத்தரிக்காய்ப் பொரியல் 450 கிராம் தேறினால், கிராமுக்கு ஒரு கலோரிக்குச் சற்று மேல். உங்கள் தட்டில் 120 கிராம் விழுந்தால் 130 என்று எழுதலாம்.

அரிசியில் இன்னொரு குழப்பம் நடக்கும். 100 கிராம் அரிசியில் 350 கலோரி. வெந்தால் அது 250 முதல் 300 கிராம் சோறாகும், ஆகவே 100 கிராம் சோற்றில் 120 முதல் 140. ஆப்பில் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று பாருங்கள். காபியையும் எழுதுங்கள்: முழுக் கொழுப்புப் பால் 100 மில்லி, இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் ஒரு டம்ளருக்கு 125 வரை வரும். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ச் சட்னி, கைப்பிடி வேர்க்கடலை (30 கிராமுக்கு 170), பிள்ளைகள் தட்டில் மீந்த அரைத் தோசை, இவையெல்லாம் சமைப்பவர் கணக்கில் மட்டும் விடுபடுபவை. ஞாயிற்றுக்கிழமையையும் விடாதீர்கள். ஆறு நாள் 1,300, ஒரு நாள் பிரியாணியும் கல்யாண விருந்துமாக 2,400 என்றால், நாள் சராசரி 1,457 ஆகிவிடும்.

நடைக்குச் சாப்பாட்டைக் கூட்டாதீர்கள். 70 கிலோ உள்ளவர் மிதமான வேகத்தில் 40 நிமிடம் நடந்தால், சும்மா இருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது 115 முதல் 130 கலோரி. கைக்கடிகாரம் 250 என்று காட்டும். தவிர, 1.4-ஆல் பெருக்கியபோதே நடையைச் சேர்த்துவிட்டோம்.

இனிச் செய்ய வேண்டியது. மூன்று வாரம் இப்போது சாப்பிடுவதையே மாற்றாமல் சாப்பிடுங்கள், ஆனால் நிறுத்து எழுதுங்கள். தினமும் காலையில் கழிவறை போய்வந்து, எதுவும் குடிக்கும் முன் எடை பாருங்கள். ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம்; வாரச் சராசரிகளை மட்டும் ஒப்பிடுங்கள். சராசரி நின்ற இடத்திலேயே நின்றால், நீங்கள் எழுதிய கலோரியின் சராசரிதான் இன்றைக்கு உங்கள் உடலின் தேவை. எந்தச் சூத்திரமும் இதைவிடச் சரியாகச் சொல்லாது. வாரம் 200 கிராம் இறங்கியிருந்தால், அந்தச் சராசரியோடு தினத்துக்கு 220 கலோரியைக் கூட்டினால் வருவதே உங்கள் தேவை (200 கிராமுக்கு 1,540, அதை ஏழால் வகுத்தால் வருவது).

உதாரணமாக 1,650 என்று வந்தால் 300 கழித்து 1,350 வையுங்கள். பெரும்பாலும் எண்ணெயிலும் காபியிலுமே அந்த 300 கிடைத்துவிடும், சோற்றில் கைவைக்க வேண்டியிருக்காது. வாரத்துக்கு 270 கிராம் வரை இறங்கும். மெதுவாகத் தோன்றும், நீர் ஏறி இறங்குவதில் முதல் இரண்டு வாரம் தெரியாமலும் போகலாம். நான்கு வாரம் பொறுத்து, மாதவிடாய்ச் சுற்றின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்பளவும் எடுத்து வையுங்கள். எடை நின்றபோதும் இது குறையலாம். புரதம் 70 கிராமையாவது தொட வேண்டும், இல்லையென்றால் கொழுப்போடு தசையும் கரையும். முட்டை ஒன்றில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20, காய்ந்த கொண்டைக்கடலை 50 கிராமை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10.

நிறுத்து எழுதியும் 1,200-தான் வருகிறது, எடையும் அசையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு சரியாக இருக்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், மனநலத்துக்கான மாத்திரை ஏதாவது எடுத்துக்கொண்டால் அதையும் சொல்லுங்கள். மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் 1,200-க்குக் கீழே போக வேண்டாம். எடை இன்னும் நான்கைந்து கிலோ இறங்கினால், மூன்று வாரக் கணக்கை மறுபடி எடுங்கள்.