ஆளில்லாத ஊரில் என்ன தேடுகிறான்?

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. என் வீட்டுக்காரர் பொதுப்பணித்துறையில் ஆற்று மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனுக்கு 23 வயது. பொறியியல் முடித்துவிட்டு வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். வேலையில் குறை இல்லை. ஆனால் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறான். ஏதோ ஒரு தீவு. அதில் ஒரு ஆள் கிடையாது. சண்டை இல்லை, ஓட்டம் இல்லை. நூலகம் மாதிரி ஒரு இடத்தில் புத்தகத்தைத் திறக்கிறான், வேறு ஊருக்குப் போய்விடுகிறான். பக்கத்தில் நோட்டு வைத்துக்கொண்டு ஏதேதோ கோடு போடுகிறான். "ஆளில்லாத ஊர்ல இவன் என்னத்தத் தேடுறான்?" என்கிறார் அவன் அப்பா. மனசு சரியில்லாமல் தனிமையைத் தேடுகிறானோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. தடுக்கலாமா, விட்டுவிடலாமா?
— ஒரு வாசகி, நீடாமங்கலம் அருகே

பதில்:

அன்புள்ள சகோதரி,

தீவு, நூலகம், திறந்தால் வேறு ஊருக்குக் கொண்டுபோகும் புத்தகம். இந்த மூன்றையும் படித்ததுமே தெரிந்துவிட்டது. உங்கள் மகன் விளையாடுவது 'மிஸ்ட்'. அமெரிக்காவில் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற அண்ணன் தம்பி இருவர் 'சயன்' என்ற சிறு நிறுவனம் வைத்து 1993-ல் வெளியிட்ட கேம். முதலில் வந்தபோது அதில் அசைந்து நடப்பதுகூடக் கிடையாது. சுமார் 2,500 படங்கள். ஒன்றைத் தொட்டால் அடுத்தது வரும், அவ்வளவுதான். ஆனாலும் 2002 வரை உலகத்தில் அதிகம் விற்ற கம்ப்யூட்டர் கேம் அதுதான். பிறகு பலமுறை புதுப்பித்துவிட்டார்கள். இப்போது தீவு முழுக்க இஷ்டப்படி நடக்கலாம்.

அந்த நோட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் மிஸ்ட் விற்ற பெட்டிக்குள்ளேயே எழுதிக்கொள்ள ஒரு வெற்று நோட்டும் வைத்துத்தான் கொடுத்தார்கள். எழுதாமல் விளையாட முடியாத கேம் அது. நான் கல்லூரியில் படித்தபோது திருச்சியில் மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் இதை விளையாடினேன். அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. மணிக்கூண்டின் படம், நட்சத்திரக் கூட்டங்கள், கப்பல், பக்கம் பக்கமாக அம்புக்குறிகள். என் கையெழுத்தில் அத்தனை கவனம் வேறு எந்த நோட்டிலும் இல்லை.

சரி, உங்கள் வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆளில்லாத ஊரில் என்ன இருக்கிறது?

உங்களுக்குத் தெரிந்த ஓர் இடத்தை வைத்தே சொல்கிறேன். மே மாதத்தில் வெண்ணாறு எப்படி இருக்கும்? மேட்டூர் திறக்க இன்னும் நாள் இருக்கிறது. ஆறு மணலாகக் கிடக்கும். சின்ன வயதில் அந்த மணலில் இறங்கி நடந்திருப்பீர்கள். தண்ணீர் ஓடும்போது கண்ணில் படாத எல்லாம் அப்போது தெரியும். மதகின் அடித்தளம், ஷட்டர் இறங்கும் பள்ளம், சுவரில் எழுதிய அளவு எண்கள், பாசி காய்ந்த கோடு, எதற்கென்றே தெரியாத ஓர் இரும்பு வளையம். யாரும் இருக்க மாட்டார்கள். உச்சி வெயிலில் ஒரு மரங்கொத்தியின் சத்தம் மட்டும் கேட்கும். அந்தக் கோட்டைப் பார்த்ததும் 'போன தடவை தண்ணீர் இவ்வளவு உயரம் வந்திருக்கிறது' என்று உங்கள் மனசு தானாகக் கணக்குப் போடும். யாரும் சொல்லித் தரவில்லை. அந்த இடமே சொன்னது.

இந்த வகை கேம்களின் சுகம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. மனிதர்கள் செய்து வைத்துவிட்டுப் போன ஓர் இடம். அவர்கள் இல்லை, வேலை மட்டும் நிற்கிறது. அதைப் பார்த்தே அவர்கள் யார், என்ன செய்தார்கள், ஏன் போனார்கள் என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். சொல்லித்தர ஆள் ஒருவரை அங்கே நிறுத்திவிட்டால் அந்தச் சுகம் போய்விடும். ஆளில்லாமல் இருப்பதால்தான் ஒவ்வொரு பொருளும் பேசுகிறது.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். திரையில் கதாநாயகன் தெரிய மாட்டான். முதுகும் தலையுமாக ஒரு பொம்மை முன்னால் ஓடாது. கண் இவனுடையது, கை இவனுடையது. ஃபர்ஸ்ட் பர்சன் என்று இந்தப் பிள்ளைகள் சொல்வது இதைத்தான். கதவைத் திறந்தவன் யாரோ ஒரு வீரன் இல்லை, உங்கள் மகனே. அதனால்தான் அந்த அமைதி அவனைப் பிடித்து உட்கார வைக்கிறது. ஹெட்போனில் அவன் கேட்பது பாட்டு என்று நினைத்திருந்தால், ஒருமுறை வாங்கிக் காதில் வைத்துப் பாருங்கள். காற்றும், அலை கரையில் மோதுவதும், எங்கோ ஒரு எந்திரம் ஓடுவதும்தான் பெரும்பாலும் கேட்கும். மிஸ்டில் அந்தச் சத்தங்களே சில பூட்டுகளுக்குச் சாவி. ஓர் உலகத்தில் காதில் விழுந்த ஒலி, முற்றிலும் வேறோர் உலகத்தில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லும். (அப்படி ஒலியைக் கேட்டே ஒரு சுரங்க வண்டியை ஓட்ட வேண்டிய பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. வெறும் அலைச்சல். காது மந்தமானவர்களுக்கு அது பெரிய தடை. அந்த ஓர் இடத்தில் மில்லர் சகோதரர்கள் தவறிவிட்டார்கள் என்பதே என் எண்ணம்.)

புதிர் என்றால் சுடோக்குவும் புதிர்தான். பஸ்ஸில் போகும்போதும் போடலாம், திண்ணையிலும் போடலாம், எங்கே போட்டாலும் ஒன்றுதான். இந்த கேம்களில் புதிரை இடத்திலிருந்து பிரிக்க முடியாது. 1997-ல் மிஸ்டின் தொடர்ச்சியாக ஐந்து சிடிகளில் வந்த 'ரிவன்' இதற்கு நல்ல உதாரணம். அந்த ஊர் எண்கள் நம் எண்கள் இல்லை. ஐந்து ஐந்தாகப் போகும் கணக்கு, சதுரத்துக்குள் கோடுகள். அது தெரியாமல் மேலே போக முடியாது. ஓரிடத்தில் காலியான ஒரு பள்ளிக்கூடம் வரும். உள்ளே ஒரு விளையாட்டுப் பொம்மை. திருகினால் ஓர் எண் காட்டும். தொங்கிக்கொண்டிருக்கும் சின்ன உருவம் அந்த எண்ணுக்கு ஏற்றபடி கீழே இறங்கும். அடியில் ஒரு பெரிய கடல் மிருகம் வாயைத் திறந்து காத்திருக்கும். நீங்கள் திரும்பத் திரும்பத் திருகி, இறங்குவதை எண்ணி, ஒவ்வோர் எண்ணாகக் குறித்துக்கொள்கிறீர்கள். எண் கற்றுக்கொண்டாயிற்று. அப்புறம்தான் உறைக்கும், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எண்ணோடு சேர்த்துப் பயத்தையும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று. அங்கே நடந்த கொடுமையை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஒரு பொம்மை சொல்லிவிட்டது. அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தாத்தா காலத்துப் பத்திரத்தில் மா, குழி என்று தமிழ் எண்களில் எழுதிய நிலக் கணக்கை முதல்முறை நாமே படித்துப் புரிந்துகொள்ளும்போது வரும் சந்தோஷமும் கனமும் அதில் இருந்தன.

மகன் மிஸ்டை முடித்ததும் நிற்க மாட்டான், அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்து 2018-ல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' பக்கம் போகலாம். லூகாஸ் போப் என்பவர் செய்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகக் கப்பல் ஒன்று காணாமல் போய், 1807-ல் ஆளில்லாமல் கரைக்கு வருகிறது. அதில் இருந்த 60 பேருக்கும் என்ன ஆயிற்று என்று ஒரு பழைய கடிகாரத்தையும் ஒரு புத்தகத்தையும் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். உடுப்பு, பேச்சு, படுக்கும் தூளியின் எண் என்று எதையும் விட முடியாது. அந்த 60 பேரில் நம் நாட்டு மாலுமிகளும் உண்டு. ஐரோப்பியக் கப்பல்களில் வேலை பார்த்த அப்படிப்பட்டவர்களை அந்தக் காலத்தில் என்ன பெயரில் அழைத்தார்கள் தெரியுமா? லஸ்கர். உங்கள் வீட்டுக்காரர் இத்தனை வருஷம் சுமந்த அதே பெயர். இதை அவரிடம் சொல்லுங்கள்.

2019-ல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்' இன்னும் ஒரு படி மேலே. 22 நிமிடத்தில் சூரியன் வெடித்துவிடும், எல்லாம் முதலிலிருந்து ஆரம்பமாகும். ஆயுதமோ காசோ பலமோ சேர்த்து வைத்துக்கொள்ள வழியில்லை. போன தடவை தெரிந்துகொண்டது மட்டுமே கூட வரும்.

உங்கள் பயத்தைச் சின்னதாக நான் நினைக்கவில்லை. ராத்திரியில் ஒரு பிள்ளை காதை அடைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எந்தத் தாய்க்கும் அடிவயிறு கலங்கும். ஆனால் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: வேலையில் குறை இல்லை, சாப்பிட்டுவிட்டுத்தான் உட்காருகிறான். சாப்பாட்டை ஒதுக்குகிறானா, பகலெல்லாம் தூங்கி வழிகிறானா, நண்பர்கள் கூப்பிட்டால் எடுப்பதில்லையா, சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கவனியுங்கள். இவற்றில் எதற்காவது 'ஆமாம்' என்று தோன்றினால் கேமைப் பற்றிப் பேச வேண்டாம், அவனைப் பற்றி அவனிடம் நேராகப் பேசுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசின் இலவச எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். அப்படி எதுவும் இல்லையென்றால் அவன் நன்றாக இருக்கிறான். தனியாக இருப்பதும் தனிமையில் வாடுவதும் வேறு வேறு.

இன்னொரு ஆறுதலும் உண்டு. இந்த வகை கேம்களுக்கு முடிவு இருக்கிறது. தினமும் வந்து எட்டிப்பார்க்கச் சொல்லி மணி அடிக்காது, ஐம்பது ரூபாய் கட்டினால் அடுத்த கதவு திறக்கும் என்று கேட்காது. சில வாரங்களில் முடிந்துவிடும். முடிந்ததும் ஒரு நல்ல நாவலை மூடி வைப்பது மாதிரி மூடி வைத்துவிடுவான். தூக்கத்துக்கு மட்டும் ஒரு நேரம் வைக்கச் சொல்லுங்கள். 12 மணிக்கு மேல் வேண்டாம் என்று நீங்கள் கேட்டால் அவன் கேட்பான். தடுக்க மட்டும் செய்யாதீர்கள். 'விடையை நெட்டில் பார்த்துச் சீக்கிரம் முடி' என்றும் சொல்லிவிடாதீர்கள். அது கதையின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுப்பது போல. மூன்று நாள் மாட்டிக்கொண்டு, நான்காம் நாள் குளித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று புரிகிறதே, அந்த ஒரு கணத்துக்காகத்தான் இவ்வளவும்.

இப்போது உங்களிடம் நான் உண்மையில் கேட்க விரும்புவது ஒன்று. மிஸ்டில் 'சேனல்வுட்' என்று ஓர் உலகம் வரும். தண்ணீருக்கு நடுவே நிற்கும் மரங்கள், அவற்றின் மேல் குடிசைகள், கீழே மரப்பலகைப் பாதை. பாதை ஓரமாகவே குழாய்கள் ஓடும். காற்றாலைக்குள் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். பிறகு குழாய் பிரியும் ஒவ்வோர் இடத்திலும் திருப்பியை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளி, வேண்டிய எந்திரத்துக்குத் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும். ஒரு பக்கம் திறந்தால் இன்னொரு பக்கம் நின்றுவிடும். குழாயில் தண்ணீர் ஓடுகிறதா என்று காதால் கேட்டும் பார்க்கலாம். ஓடாத இடத்தில் என்ன தட்டினாலும் எதுவும் அசையாது.

உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறது. கல்லணையில் பிரிந்து வரும் வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் போகிறது. எதை எவ்வளவு தூக்கினால் எங்கே வாய்க்கால் நிறையும், எந்தக் கடைமடைக்கு எத்தனை நாளில் போய்ச் சேரும், ராத்திரி மழை பெய்தால் முதலில் எந்த ஷட்டரைத் தொட வேண்டும் என்பதைக் கை கண்டு வைத்திருக்கும் வேலை லஸ்கர் வேலை. தண்ணீர் சத்தத்தை வைத்தே ஷட்டர் சரியாக இறங்கவில்லை என்று சொல்லும் மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மகன் திரையில் தேடிக்கொண்டிருக்கும் அறிவு பக்கத்து அறையில் ஈஸிசேரில் உட்கார்ந்திருக்கிறது. அது இருவருக்கும் தெரியவில்லை.

ஆகவே மகனிடம், "சேனல்வுட் வந்ததும் அப்பாவைக் கூப்பிடு" என்று மட்டும் சொல்லி வையுங்கள். அவர் வந்தால் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் போட்டு உட்காரட்டும். மௌஸை அவர் தொட வேண்டாம். ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள், தண்ணீர் சத்தம் அவருக்கும் கேட்க வேண்டும். முதல் பத்து நிமிஷம் இருவரும் பேசாமல் இருந்தாலும் கவலைப்படாதீர்கள். தண்ணீர் தப்பான பக்கம் போகும்போது அவரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

அவர் எந்தத் திருப்பியை முதலில் மாற்றச் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். பதிலுக்குக் காத்திருப்பேன்.