லயத்து வீட்டுப் பொறுப்பை விண்ணப்பத்தில் எங்கே எழுதுவது?

கேள்வி: மூணாறு பக்கம் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் குடியிருக்கிறோம். அம்மா கொழுந்து எடுக்கப் போய்விடுவதால் சமையல், சர்க்கரை நோயுள்ள பாட்டி, தம்பி எல்லாம் என் பொறுப்பு. பிளஸ் ஒன்னில் மார்க் குறைந்துவிட்டது. பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் இணையதளம் வழியாக அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறேன். கிளப், கோப்பை, சான்றிதழ் எதுவும் கிடையாது. என்ன எழுதுவது?

பதில்: செயல்பாடுகள் பகுதியைக் காலியாக விட்டுவிடாதீர்கள். அங்கே 10 இடம் உண்டு. வகைகளின் பட்டியலிலேயே ‘குடும்பப் பொறுப்புகள்’ என்று ஒன்று இருக்கிறது. சான்றிதழ் கேட்பதில்லை. விவரத்துக்கு இடைவெளியும் சேர்த்து 150 எழுத்துதான். அதில் “குடும்பத்துக்கு உதவியாக இருக்கிறேன்” என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. “பாட்டிக்குத் தினமும் சர்க்கரை பார்த்துக் குறிப்பேன், 4 பேருக்குச் சமைப்பேன், தம்பிக்குப் பாடம் சொல்வேன்” என்றால் நாளே கண்முன் வந்துவிடும்.

பலர் சறுக்குவது மணிக்கணக்கில். காலை 5.30 முதல் 7.30, மாலை 5 முதல் 6.30 என்றால் நாளுக்கு மூன்றரை மணி. வாரத்துக்கு 24 என்று போடலாம். அடுத்த கட்டம், வருடத்தில் எத்தனை வாரம். பரீட்சைக்கு நான்கு வாரம் சித்தி வந்து பார்த்துக்கொண்டால் 52 அல்ல, 48. பெரிதாகத் தெரியட்டும் என்று வாரம் 60 மணி போடுகிறவர்கள் உண்டு. பள்ளி நேரத்தையும் தூக்கத்தையும் கூட்டிப் பார்த்தாலே குட்டு உடைந்துவிடும்.

லயத்துப் பிள்ளைகள் கணக்கிலேயே சேர்க்காத வேலை ஒன்று உண்டு. மலையாளத்தில் வரும் ரேஷன், பென்ஷன் தாள்களைப் பெரியவர்களுக்குப் படித்துச் சொல்வது, ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வது. நீங்களும் செய்கிறீர்கள் என்றால் இதைத் தனி இடத்தில் போடுங்கள்; சமையலோடு சேர்த்தால் அமுங்கிப்போகும்.

மார்க் குறைந்ததற்கு ‘சவால்களும் சூழ்நிலைகளும்’ என்ற 250 சொல் பெட்டி இருக்கிறது. எந்த மாதம், என்ன நடந்தது, எத்தனை நாள் பள்ளி போகவில்லை, எந்தப் பாடம் அடி வாங்கியது, இப்போது நிலைமை என்ன: இவ்வளவு போதும். கண்ணீர், விதி, வறுமையின் கொடுமை எதுவும் வேண்டாம். நாள் கணக்கு பள்ளி வருகைப் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். 650 சொல் கட்டுரையில் இதையே மறுபடி எழுதாதீர்கள். பொறுப்பு ஏற்கெனவே இரண்டு இடத்தில் பதிவாகிவிட்டது. கட்டுரை உங்களைப் பற்றி வேறு ஏதாவது சொல்லட்டும்.

பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியருக்கு உங்கள் வீட்டு நிலைமை தெரியும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கத்தில் தேதிகளோடு எழுதிக் கையில் கொடுங்கள். நீங்களே சொல்வதைவிட அவர் சொன்னால் எடை அதிகம்.

உள்ளூரிலும் விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் கதை வேறு. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப், கேரளத்தில் கீம் (KEAM) நுழைவுத் தேர்வு ரேங்க்; கஷ்டத்தை எழுத இடமே இல்லை. கட்டணச் சலுகை, உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ்தான் பேசும். கேரள அரசின் இணையச் சேவை மையமான அட்சயாவில் விண்ணப்பித்தால் வில்லேஜ் ஆபீஸிலிருந்து வரும். அங்கே போகுமுன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ஆதார், ரேஷன் கார்டு மூன்றிலும் உங்கள் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்றிருந்தால், திருத்தும் வேலையை முதலில் முடியுங்கள்.