கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பழைய புகைப்படத்தை வீட்டிலேயே சீரமைக்க முடியுமா?

தாத்தாவின் 60 ஆண்டுப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது, மேலே குங்குமக் கறையும் இருக்கிறது, கைப்பேசிச் செயலியில் கொடுத்தால் முகம் வேறு யாரோபோல் வருகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டிலேயே சீரமைக்கலாம். ஆனால் இப்போதைக்குச் சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கி வையுங்கள். படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரிக்க முயல வேண்டாம்.

பிரித்துப் பார்த்துக் கெடுத்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன். மதுரையில் வேலை, விடுமுறை நாட்களில் கேமராவும் கையுமாகத் திரிவது என்று இருந்த நான், உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டின் சாமி அறையில் தொங்கிய அப்பத்தாவின் படத்தை எடுத்துவந்து, பிளேடைக் கொடுத்து மெதுவாக நெம்பினேன். முகம் வந்துவிட்டது, தண்டட்டி என்ற கனமான காதணி தொங்கும் இடது காது கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அக்காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களில் உருவத்தைத் தாங்கி நிற்பது காகிதத்தின் மேல் பூசப்பட்ட ஜெலட்டின் படலம். மழைக்கால ஈரத்தில் அது பசைபோல் இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். காய்ந்த பிறகு இழுத்தால் காகிதத்தை விட்டுவிடுமே தவிர, கண்ணாடியை விடாது.

ஆகவே கண்ணாடியோடு சேர்த்தே படியெடுங்கள். வீட்டில் இருக்கும் மெல்லிய ஸ்கேனர் பெரும்பாலும் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் தாளை மட்டுமே தெளிவாகப் படிக்கும். நடுவில் சட்டக் கண்ணாடியின் கனம் வந்துவிட்டால் உருவம் மங்கும். கேமராவே மேல். அறையை இருட்டாக்கி, ஒரே நிற ஒளி தரும் இரண்டு விளக்குகளைப் படத்தின் இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில் வைத்து, லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட கறுப்புத் துணியைக் கேமராவின் முன் தொங்கவிட்டால், உங்கள் சட்டையும் கேமராவும் கண்ணாடியில் பிரதிபலிக்காது. ஒட்டாத படங்களுக்கு ஸ்கேனர் போதும். அஞ்சலட்டை அளவுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) தாராளம். 3.5 × 4.5 செ.மீ. பாஸ்போர்ட் படத்துக்கு 1200 வையுங்கள். ஏறத்தாழ 1650 × 2125 புள்ளிகள் கிடைக்கும். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் வண்ணத்திலேயே படியெடுத்து, விவரங்களை இழந்து சுருங்கும் ஜேபெக்காக அல்லாமல், நுண்ணிய நிற வேறுபாடுகளையும் காக்கும் 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள்.

கறுப்பு வெள்ளைக்கு எதற்கு வண்ணம் என்றால், உங்கள் குங்குமக் கறைக்கான மருந்து அதில்தான் இருக்கிறது. வண்ணக் கோப்பு என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சாம்பல் நிறப் படங்களின் அடுக்கு. சிவப்புப் பொடி சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்புவதால், சிவப்பு அலைவரிசையை (சேனல்), அதாவது அந்த மூன்றில் சிவப்புக்கான படத்தை, மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் வெள்ளைச் சுவரின் மேல் சிந்திய குங்குமம் ஏறக்குறைய மறைந்துவிடும். சந்தனம், மஞ்சள், காகிதத்தின் பழுப்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நீல அலைவரிசையில் மட்டும் அவை கரிபோலத் தெரியும். இலவசமாகக் கிடைக்கும் படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பில் (GIMP) உள்ள டீகம்போஸ் (Decompose) கட்டளை இந்த மூன்றையும் பிரித்துத் தந்துவிடும். சாமி அறையில் இருந்த படங்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஒரு குறை உண்டு: கறுத்த கொண்டையின் மேலோ கோட்டின் மேலோ விழுந்த குங்குமம் இந்த அலைவரிசையில் வெளிறிய திட்டாக நிற்கும். அந்த இடங்களைக் கையால்தான் திருத்த வேண்டும்.

கைவேலையை எப்போதும் மேலே ஒரு வெற்று அடுக்கை (லேயர்) சேர்த்து அதில் செய்யுங்கள். தவறினால் அந்த அடுக்கை மட்டும் அழித்தால் போதும். கன்னம், சுவர் போன்ற சமமான பரப்புகளில், சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து கறையை மறைக்கும் ஹீலிங் தூரிகை நன்றாக வேலை செய்யும். தலைமுடியும் நெற்றியும் சந்திக்கும் விளிம்பில் அது கறுப்பை இழுத்து ஈஷிவிடும் என்பதால், அங்கே ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டும் குளோன் கருவிக்கு மாறிவிடுங்கள். அப்பத்தா உடுத்தியிருந்தது சுங்குடிச் சேலை. கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த புள்ளிகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது என்பதை மறந்து, ஒரே துண்டை நகலெடுத்து ஒட்டிக்கொண்டே போனதில், முந்தானை தரை ஓடுபோல் ஆகிவிட்டது. இரண்டு மாலைகள் வீணாயின.

காதுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நானும் உங்களைப்போல் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் போனேன். அரை நிமிடத்தில் பளபளவென்று ஒரு முகம் வந்தது. அதை அச்சிட்டு அத்தையிடம் காட்டியபோது, “எங்க ஆத்தா காதுல தண்டட்டி எங்கடா? இது யாரு வீட்டுக் கெழவி?” என்று கேட்டார். வளர்த்த காது மடல் இருக்க வேண்டிய இடத்தில் சின்னத் தோடு போட்ட காது ஒன்று இருந்தது. இக்கருவிகள் இழந்ததை மீட்பதில்லை. தாம் பயின்ற ஏராளமான முகங்களை வைத்து, அங்கே எது இருந்திருக்கக்கூடும் என்று ஊகித்து வரைகின்றன. அந்தப் பயிற்சியில் தண்டட்டி போட்ட காதுகள் அதிகம் இருந்திருக்க முடியாது. சுவர், திரைச்சீலை, துணிமணியில் அவற்றைப் பயன்படுத்துங்கள். கண், காது, வாய் மூன்றையும் அவற்றிடம் கொடுக்காதீர்கள். மங்கிய கண் மங்கியே இருக்கட்டும்.

திருத்துவதே தவறு என்று நான் சொல்லவில்லை. 1858இல் மதுரையின் கோயிலையும் நாயக்கர் மகாலையும் படமெடுத்த ஆங்கிலேயப் படை அதிகாரி லின்னேயஸ் டிரைப், தன் காகித நெகட்டிவ்களில் வெறுமையாக விழுந்த வானத்துக்கு வண்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தவர். நம் ஊர் ஸ்டுடியோக்களிலும் நெகட்டிவில் பென்சில் ஓட்டி அம்மைத் தழும்பை மறைப்பது வழக்கமாகவே இருந்தது. வானத்தில் ஒரு மேகம் கூடினால் யாருக்கும் நட்டமில்லை, அப்பத்தாவின் காது அப்படியல்ல.

அந்தக் காது கடைசியில் கிடைத்தது. தூக்கி எறியாமல் வைத்திருந்த கண்ணாடியை ஒருநாள் வெளிச்சத்தில் பிடித்தபோது, ஒட்டிப்போன படலம் முன்பக்கத்திலிருந்து பார்க்க நேராகவே தெரிந்தது. பின்னால் வெள்ளைத் தாளை வைத்து, அதே விளக்குகளின் கீழ் கண்ணாடியை மட்டும் படமெடுத்து, கணினியில் முகத்தின் படியோடு பொருத்தினேன். சேர்ந்த இடத்தில் மயிரிழையாக ஒரு கோடு இருக்கிறது. அதை நான் அழிக்கவில்லை. இப்போது சாமி அறையில் தொங்குவது அந்த அச்சுப்படி. மூலப்படமும் கண்ணாடியும் தனித்தனிக் காகித உறைகளில் பீரோவில் இருக்கின்றன. உங்கள் தாத்தா படத்தையும் இப்படியே வையுங்கள்; அச்சுப் போடப் போகும் கடையில் மூலப்படத்தை லேமினேஷன் செய்து தருகிறோம் என்பார்கள், ஒருமுறை செய்துவிட்டால் பிரிக்க முடியாது, சம்மதிக்காதீர்கள்.