ரெக்கார்டா, டிஜிட்டலா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்பா விட்டுச்சென்ற எல்.பி. ரெக்கார்டுகளில் எம்.எஸ். சுப்புலட்சுமி 1963இல் பாடிய வேங்கடேச சுப்ரபாதமும் இருக்கிறது. ரெக்கார்டில் போட்டால் குரல் பக்கத்தில் நின்று ஒலிக்கிறது. போனில் அந்த நெருக்கம் இல்லை. டிஜிட்டல் ஒலி அலையைப் படிக்கட்டாக வெட்டிவிடுவதால் உயிர் போய்விடுகிறது என்கிறார் நண்பர். உண்மையா? பழைய படப் பாடல்களைப் புதிய ரெக்கார்டாக அச்சிட்டு ஆயிரக்கணக்கில் விற்கிறார்களே, வாங்கலாமா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

படிக்கட்டுக் கதையை முதலில் தள்ளிவிடுவோம். சி.டி. நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எண்ணாகப் பதிகிறது. அந்த எண்கள் மறுபடி ஒலியாகும்போது வழவழப்பான அலைதான் வரும். 20,000 ஹெர்ட்ஸ் வரை எதுவும் விடுபடாது. நடுவயதைத் தாண்டிய காதுகளுக்கு அதுவே அதிகம்.

சமரசம் ரெக்கார்டில்தான் கூடுதல். பேஸை, அதாவது கீழ் ஒலிகளை, உள்ளபடி வெட்டினால் முள் ஓடும் பள்ளம் அகன்று பக்கத்துப் பள்ளத்தில் இடிக்கும். எனவே பேஸைக் குறைத்து, மேல் ஒலிகளை ஏற்றி வெட்டுவார்கள். ஆம்ப்ளிஃபையர் அதைத் திருப்பிச் சரிசெய்யும். தட்டு ஒரே சீராக நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றினாலும், வெளி விளிம்பில் முள் நொடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் ஓடும், லேபிள் பக்கம் வரும்போது அதில் பாதிகூட ஓடாது. அதனால் அங்கே அதே ஒலி குறைந்த நீளத்துக்குள் நெருங்கிக் கிடக்கும். சுப்ரபாதம் இருபது நிமிடம் ஓடி கடைசிப் பகுதியான மங்களாசாசனத்துக்கு வந்ததும் கவனியுங்கள். ‘ஸ்ரீவேங்கட நிவாஸாய ஸ்ரீநிவாஸாய மங்களம்’ என்னும் இடத்தில் ஸகாரங்கள் கொஞ்சம் இரைந்தால் காரணம் இதுதான்.

இருந்தும் உங்கள் காதை நான் நம்புகிறேன். நீங்கள் கேட்டவை இரண்டு வேறு மாஸ்டர்கள், அதாவது பிரதி எடுக்கத் தயார்செய்த இரண்டு வேறு மூலப் பதிவுகள். அந்தக் கால எல்.பி. டேப்பிலிருந்து வெட்டப்பட்டது. போனில் கிடைப்பதை இடையில் யார் யார் தொட்டார்களோ! இரைச்சலை நீக்குகிறேன் என்று கைவைத்தால் தம்புராவும் மூச்சும் சேர்ந்தே போகும். சத்தத்தைக் கூட்டுகிறேன் என்று அமுக்கினால் மெதுவாகப் பாடியதும் உரக்கப் பாடியதும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும்.

புதிய ரெக்கார்டு என்றாலே அனலாக், அதாவது எங்கும் எண்ணாக மாறாத ஒலி, என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் மொபைல் ஃபிடலிட்டி நிறுவனத்தின் தட்டுகள் மூல டேப்பிலிருந்து நேராக வெட்டியவை என்று ரசிகர்கள் நம்பினார்கள். சிலவற்றுக்கு நூறு டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அவற்றில் பல, நடுவில் டிஜிட்டல் பிரதி எடுத்து வெட்டியவை என்று 2022இல் அதன் பொறியாளர்களே ஒப்புக்கொண்டார்கள். விவகாரம் வழக்கு வரை போனது. அதுவரை அந்தத் தட்டுகளின் அனலாக் சுகத்தைப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்தவர்கள்தான் பாவம். எதிலிருந்து வெட்டினார்கள் என்று உறையிலேயே சொல்லாத தட்டுக்கு நான் பணம் தரமாட்டேன்.

அந்தப் பணத்தில் நல்ல பிளேயர் வாங்குங்கள். சூட்கேஸ் பிளேயர் வேண்டாம். சாதாரணமாக 2 கிராம் அழுத்த வேண்டிய முள் அவற்றில் 5 கிராம் வரை அழுத்தும், தட்டு தேயும். அப்பாவின் எல்.பி.யைத் துடைத்து, கணினியில் பதிந்து, அதே போனில் கேட்டுப் பாருங்கள். நீங்கள் சொன்ன நெருக்கம் அந்த டிஜிட்டல் பிரதியிலும் இருக்கும். சேகரிப்பில் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டுகள் இருந்தால் எல்.பி. முள்ளை அவற்றில் வைக்காதீர்கள். அவற்றின் பள்ளம் அகலம், அதற்கென்று தனி முள் கிடைக்கிறது.