பூட்ஸ் வேண்டாம், பந்து கொண்டுபோங்கள்

அன்புள்ள ஐயா,

மாவட்ட கால்பந்து லீக்கில் பதினோரு வருடம் ஸ்டாப்பர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஆளாக ஆடினேன். முட்டி போய்விட்டது, ஆட்டமும் நின்றது. ஸ்பெயின் கால்பந்து வீரர் ஹுவான் மாட்டா சம்பளத்தில் ஒரு பங்கை நற்பணிக்குக் கொடுத்துவந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஏற்காடு பக்கம் ஒரு மலைக்கிராமப் பள்ளியில் நாற்பது பிள்ளைகளுக்கு ஜெர்சி, பூட்ஸ் கொடுத்து, பொங்கலுக்கு டோர்னமென்ட் நடத்தலாம் என்கிறார்கள் நண்பர்கள். என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

2017-ல் மாட்டா தொடங்கியது சம்பளத்தில் 1 சதவீதத்தோடுதான். அந்தச் சம்பளம் உங்களுக்கு இல்லாவிட்டால் என்ன, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே, வாராவாரம் போய்ப் பயிற்சி கொடுங்கள். டோர்னமென்ட்டைத் தள்ளிப்போடுங்கள். அதிலும் பொங்கல் சமயம் காப்பிப் பழம் பறிக்கிற காலம். பெற்றவர்கள் எஸ்டேட்டுக்குப் போனால் மூத்த பிள்ளை வீட்டைப் பார்க்க நின்றுவிடும்.

பூட்ஸ் வேண்டவே வேண்டாம். வளர்கிற கால், ஆறேழு மாதத்தில் பத்தாது. வந்தவனுக்குக் கிடைத்து வராதவனுக்குக் கிடைக்காமல் போனால், பாதிப் பேர் ஸ்டட்டோடும் (பூட்ஸ் அடியில் இருக்கும் குமிழ்) பாதிப் பேர் வெறுங்காலோடும் ஆடுவார்கள். ஒரு மிதியில் விரல் முறியும். ஆடினால் எல்லாரும் ஒரே மாதிரி ஆடட்டும்.

பணத்தைப் பந்தில் போடுங்கள். நாற்பது பேரை இரண்டு செட்டாகப் பிரித்து மாறி மாறி இறக்கினால் 10 பந்து போதும், இருவருக்கு ஒன்று. பன்னிரண்டு வயது வரை 4-ஆம் நம்பர் பந்துதான். 350 முதல் 390 கிராம் இருக்கும். பெரிய பந்தைக் கொடுத்தால் பிள்ளை நுனிக்காலால் குத்தப் பழகிவிடும், பிறகு மாற்றுவது பெரும்பாடு. சேலத்தில் காற்றடித்த பந்து மலையில் கொஞ்சம் விறைக்கும், குளிருக்குக் கொஞ்சம் தளரும். இரண்டும் ஓரளவு கழிந்துவிடும். பந்தைக் கெடுப்பது ஊசி. நனைக்காமல் குத்தினால் வால்வு ரப்பர் கிழியும். பம்போடு நாலைந்து ஊசியும் ஒரு குப்பி கிளிசரினும் வைத்திருங்கள்.

மலையில் சமதளம் கிடைக்காது. ஒரு கோல் மேட்டிலும் இன்னொன்று பள்ளத்திலும் வைத்தால் மேலிருந்து ஆடுகிறவனுக்கே ஆட்டம். இரண்டு கோலும் ஒரே உயரத்தில் வரும்படி, சரிவுக்குக் குறுக்கே ஆடவிடுங்கள். பள்ளத்துப் பக்கக் கோட்டில் பழைய மீன்வலை கட்டாவிட்டால், பாதி நேரம் காப்பிச் செடிக்குள் பந்து தேடுவதிலேயே போகும். காப்பி உலர்த்துகிற சிமென்ட் களம் ஆசை காட்டும்; விழுந்தால் முட்டித்தோல் மிஞ்சாது. கோலுக்கு மூங்கில் நட்டால் போதும். தரையில் பதிக்காத இரும்புக் கோல் சாய்ந்து பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள், யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஃபிஃபாவின் ‘11+ கிட்ஸ்’ வார்ம்-அப் 7 முதல் 13 வயதுக்கானது. இருபது நிமிடத்துக்குள் முடியும். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று எதிரே நின்று பாருங்கள். சாய்ந்தால் மெதுவாக, திரும்பத் திரும்ப இறங்கச் சொல்லுங்கள். முட்டி போனவருக்கு அதன் அருமை தெரியும்.

தலைமையாசிரியரின் எழுத்துபூர்வ அனுமதி, பி.டி. வாத்தியாரின் ஒத்துழைப்பு, கூட ஒரு பெண் பொறுப்பாளர்: இந்த மூன்றும் இல்லாமல் மலையேறாதீர்கள். இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்துங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடியும் மைதானம். ஞாயிற்றுக்கிழமை சத்துணவு கிடையாது, ஆகவே ஆளுக்கொரு முட்டை, ஒரு கை சுண்டல். ஜெர்சிக்கு ஒதுக்கிய காசு இதற்குப் போகட்டும்.

நீங்களே குதித்துக் காட்ட வேண்டாம். நாலைந்து வாரத்தில் நன்றாக இறங்கப் பழகிய ஒரு பெண்பிள்ளையைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள். உங்களைவிட அவளைத்தான் மற்றவர்கள் உற்றுப் பார்ப்பார்கள்.