கடவுள் உலகைப் படைத்தார் என்ற நம்பிக்கை ஒரு கிறிஸ்தவரின் அன்றாட வாழ்க்கையில் எதை மாற்றுகிறது?

அறிவியல் படித்த ஒருவர் படைப்பு நம்பிக்கையை எப்படி ஏற்கிறார், ஏற்றாலும் அதனால் அவருடைய அன்றாட வாழ்க்கையில் என்ன வித்தியாசம் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வைத்திருக்கும் ஒரு லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவள் நான். கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். ஆகவே உங்கள் கேள்வியின் இரண்டு பாதியும் எனக்கு வீட்டுக் கேள்விகள்தாம்.

படைப்பு என்றதும் என்றோ நடந்து முடிந்த ஒரு நிகழ்ச்சியைத்தான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தையும் வானியலையும் எதிரெதிரே நிறுத்தும் சண்டைகள் பெரும்பாலும் அந்த நினைப்பிலிருந்தே பிறக்கின்றன. 13ஆம் நூற்றாண்டுக் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதை இரண்டு உவமைகளால் விளக்கினார். கொத்தனார் வீட்டைக் கட்டி முடித்துவிட்டுப் போன பிறகும் வீடு நிற்கும்; காற்றில் பரவியிருக்கும் வெளிச்சமோ சூரியன் இல்லாமல் ஒரு கணமும் நிற்காது. உலகம் கடவுளைச் சார்ந்திருப்பது இந்த இரண்டாவது விதத்தில் என்றார் அவர். உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பது வேதம் சொல்வதால் நம்பப்படுவதே தவிர, பகுத்தறிவால் நிறுவப்படக் கூடியது அல்ல என்றும், தொடக்கமே இல்லாத உலகமாக இருந்தாலும் அதற்கும் படைத்தவர் தேவை என்றும் அவர் எழுதினார். இதைப் படித்த பிறகு பெருவெடிப்புப் பாடம் நடத்துவதில் எனக்குச் சங்கடம் ஏற்பட்டதில்லை. பிரபஞ்சம் விரிவடைவதைப் பற்றி 1927இல் எழுதிய ஜார்ஜ் லெமேத்ர் பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கக் குரு. தம் கோட்பாட்டை மதத்துக்குச் சான்றாகக் காட்டுவதை அவரே விரும்பவில்லை.

‘இல்லாமையிலிருந்து படைத்தார்’ என்ற கோட்பாட்டின் கனம் எனக்கு விளங்கியது ஒரு சைவ நண்பரால். அப்பர் பெருமானின் சூலை நோய் தீர்ந்த திருவதிகை அவருடைய ஊர். குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். அதுபோல் உலகத்துக்கு மாயை என்னும் மூலப்பொருள் முதற்காரணம், அந்த மாயையும் அநாதி என்று சித்தாந்தத்தை அவர் எனக்குச் சொல்லித்தந்தார். கிறிஸ்தவ இறையியல் பிரிவது இந்த இடத்தில்தான்: கடவுளுக்கு அருகில் மண் என்று ஒன்று முன்பே இருக்கவில்லை, மண்ணையும் அவரே உண்டாக்கினார் என்கிறது அது. வகுப்பறைத் தத்துவத்தோடு முடிந்துவிடும் வேறுபாடு அல்ல இது. இந்தப் பொருளுலகம் தாழ்ந்த ஒரு தெய்வத்தின் கைவேலை, இதிலிருந்து தப்புவதே மீட்பு என்று 2ஆம் நூற்றாண்டில் சில குழுக்கள் போதித்தபோது, லியோன் நகர ஆயர் இரேனியுஸ் அதை விரிவாக மறுத்தார். நல்லவராகிய ஒரே கடவுள் விரும்பி உண்டாக்கியவை இந்த மண்ணும் இந்த உடலும் என்பதே திருச்சபையின் முடிவு. ‘தேவன் தாம் உண்டாக்கின எல்லாவற்றையும் பார்த்தார், அது மிகவும் நன்றாயிருந்தது’ என்ற வசனம் உடலையும் சேர்த்துத்தான் பேசுகிறது. சரீரமே பாவம், உலகம் வெறும் சத்திரம் என்று நம் பிரசங்கங்களில் கேட்கும்போதெல்லாம், அன்று மறுக்கப்பட்ட போதனையே திரும்பி வந்திருக்கிறது என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அன்றாட வாழ்க்கைக்கு வருகிறேன். எங்கள் சபைப் பிரிவு தோன்றக் காரணமான சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தை, அதாவது விசுவாசத்தின் அடிப்படைகளைக் கற்பிக்கும் சிறு நூலை, திடப்படுத்தல் என்ற சபைச் சடங்குக்கு முன் நாங்கள் மனப்பாடம் செய்தோம். ‘வானத்தையும் பூமியையும் படைத்த’ என்ற விசுவாசப் பிரமாணத்தின் வரிக்கு விளக்கம் எழுத வந்த லூத்தர் வானத்திலிருந்து தொடங்கவில்லை. தேவன் என்னை உண்டாக்கினார் என்று தொடங்கி, கண், காது, புத்தி, உடை, செருப்பு, உணவு, வீடு, மனைவி மக்கள், நிலம், ஆடுமாடு என்று அடுக்கி, இவையெல்லாம் என் தகுதியைப் பார்த்து அல்ல, தகப்பனுக்குரிய இரக்கத்தால் தரப்படுகின்றன என்கிறார். அந்த வரிசையில் செருப்புக்கும் இடம் உண்டு என்பது சிறுமியாக இருந்தபோது எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்று அடங்கித் தோப்புக்குப் போனபோது, தாத்தா வைத்த பலா வேரோடு சாய்ந்து கிடந்தது. வேரோடு பெயர்ந்த செம்மண் ஆள் உயரத்துக்குச் சுவர்போல் நின்றது, முறிந்த கிளைகளில் பால் வடிந்துகொண்டிருந்தது. முந்திரியில் நாலில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. அன்று இரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குடும்ப ஜெபம் நடந்தபோது, அப்பா வழக்கம்போல் லூத்தரின் அந்த விளக்கத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். ‘நிலம்’ என்ற இடம் வந்ததும் அவருக்குக் குரல் எழவில்லை. அம்மா அந்தச் சொல்லைச் சொல்லி, மீதியையும் சொல்லி முடித்தார்.

படைத்தவரை நம்பினால் புயல் வராது என்று எங்களுக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிடம் ‘கடவுள் சித்தம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் சொல்ல வேதம் நமக்கு உரிமை தரவில்லை என்றே நினைக்கிறேன். ‘சர்வசிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது’ என்று எழுதிய பவுல், அதே அதிகாரத்தில், ஆவியானவரும் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்கிறார். ஏன் என்ற கேள்விக்கு அப்பாவுக்கு விடை கிடைக்கவில்லை. அடுத்த மழைக்குள் குழிகளை வெட்டி, விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 ரக முந்திரி ஒட்டுக்கன்றுகளை வாங்கி நட்டார்.

ஏதேன் தோட்டத்தைப் ‘பண்படுத்தவும் காக்கவும்’ மனிதன் வைக்கப்பட்டான் என்ற வசனத்தில் உள்ள இரண்டு எபிரெய வினைகளும் இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரமாகிய ஆசரிப்புக்கூடாரத்தில் லேவியர் என்ற ஊழியக் குலத்தார் செய்த ஊழியத்துக்கும் வேதாகமத்தின் எண்ணாகமம் என்ற நூலில் ஆளப்படுகின்றன. தோப்பு வேலைக்கும் ஆலய ஊழியத்துக்கும் ஒரே சொற்கள் என்பதை நான் சொன்னபோது அப்பா அதிகம் வியக்கவில்லை. ஓய்வுநாள் கட்டளையும் அப்படித்தான்: கடவுள் ஆறு நாளில் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்பதையே காரணமாகச் சொல்லி, வேலைக்காரரையும் மிருகஜீவனையும் அந்நியரையும் சேர்த்து ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. எங்கள் வீட்டில் முந்திரிக்கொட்டை உடைக்க வரும் பெண்களுக்கு, சாம்பல் தடவிக்கொண்டாலும் ஓட்டு எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர்களை வேலைக்கு அழைப்பதில்லை. அந்த நாளுக்கும் கூலி உண்டு என்பது அம்மா பல ஆண்டுகளுக்கு முன் பிடிவாதமாக ஏற்படுத்திய வழக்கம். அந்தச் செலவை அவர் காணிக்கைக் கணக்கில் எழுதுவதில்லை, தோப்புக் கணக்கில்தான் எழுதுகிறார்.